சூரியப் பெட்டியில் சந்தகை விருந்து

இந்தக் கதை எந்த ஊரில் நடந்தது என்று கேட்டால், கேட்கப்பட்டவர் தவறாமல் பக்கத்து ஊரைக் காட்டுவார். பக்கத்து ஊருக்குப் போய்க் கேட்டால், அவர்கள் அதற்கும் அடுத்த ஊரைக் காட்டுவார்கள். இப்படியே கேட்டுக்கொண்டு போனால் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டியிருக்கும். ஆகவே ஊரை விட்டுவிடுவோம். வீட்டைப் பற்றி மட்டும் எல்லோரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள்: மொட்டைமாடி வீடு, மாடியில் சோலார் பேனல், கீழே மூன்று அண்ணன்மார், ஒரு தங்கை.

மூத்தவர் நாச்சிமுத்து. அடுத்தவன் காளியண்ணன். இளையவன் செல்லப்பன். தங்கை கோகிலவாணி. தங்கைக்குக் கல்யாணம் ஆகாமல் அண்ணன்மார் மணம் செய்துகொள்வது அந்த வீட்டில் வழக்கமில்லை. மூத்தவருக்கு ஆகாமல் தம்பிகளுக்குப் பெண் பார்ப்பதும் வழக்கமில்லை. ஆக, கோகிலவாணி ஒருத்தி நகர்ந்தால்தான் பின்னால் நிற்கும் மூவரும் நகர முடியும். நாச்சிமுத்துவின் மீசையில் நரை எட்டிப் பார்த்த பிறகு, ஒவ்வொரு தை மாதத்தையும் அவர் சற்றுக் கலக்கத்தோடுதான் எதிர்கொண்டார்.

அந்தத் தையில் ஓர் இடம் கூடி வந்தது. ராக்கியண்ணன் என்பவரின் மகன். ஜாதகம் பொருந்திவிட்டது, இரு பக்கமும் பிடித்துவிட்டது. எஞ்சியது கை நனைப்பதுதான். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால் சம்பந்தம் உறுதி. சாப்பிடாமல் எழுந்து போனால் அத்தோடு முடிந்தது. "சந்தகை பண்ணுனாப் போதுமுங்க, வேற பலகாரமெல்லாம் வேண்டாம்" என்று ராக்கியண்ணன் சொல்லி அனுப்பியிருந்தார். அரிசியை அரைத்து, ஆவியில் வேகவைத்து, சூட்டோடு அச்சில் பிழிய வேண்டிய பலகாரம் அது.

விருந்தன்று காலையிலேயே மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். பராமரிப்பு வேலையாம், சாயங்காலம்தான் வருமாம். நாச்சிமுத்து கவலைப்படவில்லை. புதிதாக மாட்டிய சோலார் இருந்தது, அதற்கென்று பாட்டரியும் இன்வெர்ட்டர் பெட்டியும் இருந்தன. இனிச் சூரியனே சமைக்கும்போது சிலிண்டர் எதற்கு என்று கேஸ் அடுப்பையும் சிலிண்டரையும் அத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பியும் ஆகிவிட்டது.

மாட்டிவிட்டுப் போனவர் நல்ல மனிதர். போகும்போது நின்று நிதானமாகச் சொன்னார்: "கிரைண்டரு, மிக்ஸி, கரண்டு அடுப்பு எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டா இந்தப் பெட்டி தாங்காதுங்க. ஒண்ணு வேலை செய்யறப்ப இன்னொண்ணு வேலை செய்யக் கூடாது. பேனல் மேல நெழலு விழ வுடாதீங்க. பெட்டி நின்னுபோச்சுன்னா, கொஞ்ச நேரம் வுட்டுப்போட்டு மறுக்காப் போடுங்க." மூன்று சகோதரர்களும் இதை மனப்பாடம் செய்து, ஒருவரிடம் ஒருவர் ஒப்பித்தும் காட்டினார்கள்.

கோகிலவாணி ஊறிய அரிசியைக் கிரைண்டரில் போட்டாள். நாச்சிமுத்து சுவிட்சில் கை வைத்தார்.

"அண்ணா, ஃபிரிட்ஜு உறுமுதுங்க" என்றான் செல்லப்பன். ஃபிரிட்ஜை நிறுத்தினார்கள். மின்விசிறியை நிறுத்தினார்கள். சுவர்க் கடிகாரம் மட்டும் டிக் டிக் என்று வேலை செய்துகொண்டிருந்தது. அதன் பாட்டரியைக் கழற்றினார்கள். செல்லப்பன் தன் கைக்கடிகாரத்தையும் கழற்றி, உள்ளே இருந்த பொட்டு பாட்டரியை எடுத்து மேசைமேல் வைத்தான். கிரைண்டர் சுற்றத் தொடங்கியது.

கோகிலவாணி செம்பில் தண்ணீர் மொண்டாள்.

"கண்ணு, நில்லு" என்றார் நாச்சிமுத்து. "தண்ணி ஊத்தறது வேலையா, வேலையில்லையா?"

"வேலைதானுங்கண்ணா."

"கிரைண்டரு வேலை செய்யறப்ப நீ எப்பிடி வேலை செய்வே?"

அவள் செம்பைக் கீழே வைத்துவிட்டுக் கைகட்டி உட்கார்ந்தாள். நால்வரும் கைகட்டி உட்கார்ந்தார்கள். அரிசி, தண்ணீர் இல்லாமல் கல்லோடு சேர்ந்து ஊர்வலம் போனது.

"ஏண்ணா, மூச்சு வுடறது?" என்று கேட்டான் காளியண்ணன். எதையும் அடிவரை யோசிப்பவன் அவன்.

நாச்சிமுத்து மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்த்தார். "அது வேலையில்லடா. பழக்கம்."

பிறகு ஒரு நடைமுறை ஏற்பட்டது. கிரைண்டரை நிறுத்துவது, ஒரு கை தண்ணீர் தெளிப்பது, எல்லோரும் உட்காருவது, கிரைண்டரைப் போடுவது. கிரைண்டர் சுற்றியதைவிட அவர்கள் எழுந்து உட்கார்ந்ததே அதிகம். அரைகுறையாய் நொறுங்கிய மாவைக் கோகிலவாணி வழித்து, தட்டில் ஊற்றி, ஆவியில் வேகவைக்கக் கரண்டு அடுப்பில் ஏற்றினாள். அடுப்பைப் போட்டதும் பெட்டி 'பீப் பீப்' என்று கத்த ஆரம்பித்தது.

"நெழலு விழுந்திருக்கும்" என்றார் நாச்சிமுத்து. மூவரும் மாடிக்கு ஓடினார்கள்.

வானத்தில் ஆட்டுக்குட்டி அளவில் ஒரு மேகம். அதன் நிழல் பக்கத்துத் தோட்டத்தைக் கடந்து, மெதுவாக இவர்கள் மாடியை நோக்கி வந்துகொண்டிருந்தது.

"மேகத்தைத் தடுக்க முடியாதுங்களேண்ணா" என்றான் செல்லப்பன்.

"மேகத்தை எதுக்குடா தடுக்கறே? நெழலைத் தடுத்தாப் போதாதா? அந்தத் தார்ப்பாயைக் கொண்டா."

கடலைக்காய் மூடும் கெட்டியான தார்ப்பாய். அதைப் பேனல்கள்மீது ஓரம் விடாமல் விரித்து, நான்கு மூலைகளிலும் செங்கல் வைத்தார்கள். மேகம் வந்தது. அதன் நிழல் முழுவதும் தார்ப்பாயின்மீதே விழுந்தது. பேனல்மீது ஒரு துளிகூடப் படவில்லை. காளியண்ணன் குனிந்து தார்ப்பாய்க்கு அடியில் எட்டிப் பார்த்து, "சுத்தமா இருக்குதுண்ணா" என்றான்.

கீழே இறங்கி வந்தபோது பெட்டி சற்று நேரம் மெலிந்த குரலில் கத்திவிட்டு, வாயை மூடிக்கொண்டது.

"பாத்தயா, சமாதானமாயிருச்சு" என்றார் நாச்சிமுத்து.

"அடுப்பும் சமாதானமாயிருச்சுங்கண்ணா" என்றாள் கோகிலவாணி.

பெட்டி நின்றுவிட்டால் கொஞ்ச நேரம் விட வேண்டும் என்பது மூவருக்கும் நினைவிருந்தது. எவ்வளவு நேரம் கொஞ்ச நேரம் என்பதில்தான் கருத்து வேறுபாடு. பல் விளக்கும் நேரம் என்றான் செல்லப்பன். பஸ்ஸுக்கு நிற்கும் நேரம் என்றான் காளியண்ணன். நேரத்தைப் பார்த்து முடிவு செய்யலாம் என்றால், வீட்டில் எந்தக் கடிகாரமும் வேலை செய்யவில்லை. அந்த விவாதம் முற்றிக்கொண்டிருந்தபோதுதான் வாசலில் வேன் வந்து நின்றது.

ராக்கியண்ணன், அவர் மனைவி, மாப்பிள்ளை, பெரியப்பா, இரண்டு பெரியம்மாக்கள். இலை போட்டாயிற்று. இலையில் உப்பு வைத்தாயிற்று. அதற்குமேல் வைக்க ஒன்றும் இல்லை. உப்பை அடிக்கடி பார்ப்பதைத் தவிர விருந்தினர்களுக்கும் வேறு வழியில்லை. பொழுது மேற்கே சாயத் தொடங்கியது.

"ஏனுங்க மாப்ள, சந்தகை எந்த ஊர்லீங்க பிழியறாங்க?" என்று நாச்சிமுத்துவை முறை சொல்லிக் கேட்டார் பெரியப்பா.

நாச்சிமுத்து கணக்குப் போட்டுப் பார்த்தார். இவர்கள் இப்போது எழுந்து போனால் அடுத்த தை. அதற்குள் மீசை முழுக்க வெளுத்துவிடும். மறைப்பதில் பயனில்லை என்று தெரிந்து, கிரைண்டர் முதல் தார்ப்பாய் வரை நடந்ததை எல்லாம் ராக்கியண்ணனிடம் ஒப்புக்கொண்டார்.

ராக்கியண்ணன் மாடிக்கு ஏறினார். பேனலைச் சுற்றி நடந்தார், குனிந்தார், நிமிர்ந்தார், இறங்கி வந்தார்.

"மாப்ள, கோவிச்சுக்காதீங்க. நீங்க நல்லாத்தான் பண்ணியிருக்கறீங்க. ஆனா ஒரு தப்பு நடந்துபோச்சு."

"சொல்லுங்க மாமா."

"மேகத்தோட நெழலைத் தடுத்தீங்க, சரி. தார்ப்பாயோட நெழலு பேனல் மேல விழுதுங்களே, அதைப் பாக்கலீங்களா?"

மூன்று சகோதரர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு நுட்பமான ஆளை அவர்கள் இதுவரை சந்தித்ததில்லை.

"எங்கூட்டுலயும் இதே பெட்டிதானுங்க" என்றார் ராக்கியண்ணன். "பகல்ல பேனலத் தெறக்கவே மாட்டோம். பகல்னா காக்கா நெழலு, கம்பத்து நெழலு, ஏதோ ஒண்ணு விழுந்துக்கிட்டேதான் இருக்கும். பொழுது எறங்கட்டும், நெழலுங்கற பேச்சே இருக்காது. அப்பத் தெறந்து வெக்கோணும். மாட்டுன நாள்லருந்து எங்க பெட்டி ஒருக்காக்கூடக் கத்துனதில்லீங்க."

"கத்துனதே இல்லீங்களா?"

"மூச்சு வுடாதுங்க."

நாச்சிமுத்துவின் கண் கலங்கியது. "அப்ப, இருட்டற வரைக்கும் நீங்க..."

"கை நனைக்காம எந்திரிக்கற ஆளுங்க இல்லீங்க நாங்க" என்றார் ராக்கியண்ணன். அந்தச் சொல்லைக் கேட்கத்தான் நாச்சிமுத்து இத்தனை வருஷம் காத்திருந்தார்.

இரு வீட்டாரும் வாசலில் நாற்காலி போட்டு மேற்கு நோக்கி உட்கார்ந்து, சூரியன் எப்போது ஒழியும் என்று பசியோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஒழிந்தது. காளியண்ணன் மாடிக்குப் போய்த் தார்ப்பாயை உருவினான். நல்ல இருட்டு கூடி வந்த அந்த நேரம் பார்த்து, மின்சாரம் வந்தது.

கூடத்தில் ட்யூப்லைட் எரிந்தது. மாடியில் குண்டு பல்பு எரிந்தது. உள்ளேயிருந்து கோகிலவாணியின் குரல் வந்தது: "அண்ணா, கிரைண்டரு சுத்துதுங்க. அடுப்பும் வேலை செய்யுதுங்க."

நாச்சிமுத்து மாடியைப் பார்த்தார். பல்பு வெளிச்சத்தில் காளியண்ணனின் நிழல் நீளமாக, தலைப்பாகையோடு, பேனலின்மேல் குறுக்கே கிடந்தது.

பாய்ந்து போய் மெயின் சுவிட்சை இழுத்து அணைத்தார். வீடு மறுபடி இருண்டது.

"இப்பிடி நெதானம் இருக்கற வீட்டுலதானுங்க பொண்ணு எடுக்கோணும்" என்றது இருட்டிலிருந்து ராக்கியண்ணனின் குரல்.

அந்தப் பக்கம் போகிறவர்கள், இரவில் அந்த வீட்டில் விளக்கு எரியவில்லையே என்று மின்வாரியத்துக்குப் போன் செய்ய வேண்டாம். விருந்து நடந்துகொண்டிருக்கிறது.