வடமலையப்பர் காப்பாற்றிய பால்

முன்னொரு காலத்திலே, மாதம் மூன்று மழை பெய்ததோ இல்லையோ எனக்குத் தெரியாது, ஆனால் தினம் மூன்று உத்தரவு தவறாமல் போட்டுக்கொண்டு, முகில்வண்ண பூபதி என்று ஒரு ராஜா கொம்பூர் நாட்டை ஆண்டுவந்தார். நல்ல மனுஷன்தான். ஆனால் கடைசியாக யார் வந்து பேசினார்களோ, அவர்கள் சொன்னதுதான் அவருக்கு வேதம்.

அரண்மனைக் கொட்டிலில் பன்னிரண்டு பசுக்கள். கறக்கிறவள் பேராச்சி. அவசரமே படமாட்டாள். வெந்நீரில் மடியைக் கழுவித் துணியால் துடைப்பாள். ஒவ்வொரு காம்பிலும் முதலில் பீச்சுகிற பாலைத் தரையில் விட்டுவிட்டு, அப்புறம்தான் குடத்தை வைப்பாள். கட்டைவிரலை மடக்கி வெடுக்கென்று இழுக்கிற வேலை அவளிடம் கிடையாது. முழுக் கையாலும் இதமாகப் பிடித்துக் கறப்பாள். காலையில் கறந்த பாலை மத்தியானம் காய்ச்சினாலும் திரியாது. ஒருநாள் ராஜா பால் குடித்து மீசையைத் துடைத்துக்கொண்டே, "இந்த அரண்மனையிலே வேலை தெரிந்தவள் பேராச்சி ஒருத்திதான்" என்று சபையிலே சொல்லிவிட்டார்.

போச்சா! உக்கிராண அதிகாரி வடமலையப்பருக்கு வயிறு பற்றி எரிந்தது. சமையலுக்கு வேண்டிய சாமான்கள் அத்தனையும் அவர் பொறுப்பு. பதினெட்டு வருஷத்தில் ராஜா வாயிலிருந்து ஒரு 'பலே' கூட வாங்காத மனுஷன். மறுநாள் விடியற்காலையில் வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்த்தார். பார்த்த கையோடு சபைக்கு ஓடினார்.

"மகாராஜா! அநியாயம்! தாங்கள் குடிக்கவேண்டிய பாலைத் தரைக்கு வார்க்கிறாள் அந்தப் பெண்பிள்ளை! அதுவும் முதல் பால், சத்தெல்லாம் திரண்ட பால்! போதாததற்கு மாட்டுக்கு வெந்நீர்க் குளியல் வேறு!"

ராஜா பேராச்சியைக் கூப்பிட்டார். "ராசா, அந்த முதல் பால்..." என்று அவள் வாயைத் திறந்ததுமே வடமலையப்பர் கடகடவென்று சிரித்தார். "பால்காரி பாடம் நடத்த, நாம் எல்லாம் உட்கார்ந்து கேட்கவா?" சபையும் சிரித்தது. ராஜாவும் சிரித்தார். உத்தரவு போட்டார்: "இனி வெந்நீர் கிடையாது. மடியிலிருந்து ஒரு சொட்டுக்கூடத் தரையில் விழக் கூடாது!"

பேராச்சி என்ன செய்வாள்? எல்லாவற்றையும் குடத்திலேயே கறந்தாள். மூன்றாம் நாள் பக்கத்து நாட்டு ராஜா விருந்துக்கு வந்தார். பாயசத்துக்கு அடுப்பில் ஏற்றிய பால், பொங்குவதற்குள் திரிதிரியாகப் போய்விட்டது. வேறு பால் ஏது, அதையே பாயசமாக்கிப் பரிமாறினார்கள். வந்தவர் ஒரு வாய் வைத்துவிட்டு, "உங்கள் ஊரில் பாயசத்துக்குப் புளி போடுவார்களோ?" என்று கேட்டார். அவ்வளவுதான், முகில்வண்ண பூபதிக்கு மானமே போய்விட்டது.

"இவள் கை ராசி கெட்டுவிட்டது, மகாராஜா" என்றார் வடமலையப்பர்.

"இனி ஒருநாள் பால் திரிந்தாலும் நீ எல்லையைத் தாண்டிப் போய்விடவேண்டும்" என்று பேராச்சியைக் கூப்பிட்டுச் சொன்னார் ராஜா.

அந்தக் கொட்டிலில் செவலை என்று ஒரு பசு. தாய் செத்துப்போன கன்றாக இருந்த அதை மடியில் போட்டு, துணியில் பால் நனைத்து ஊட்டி வளர்த்தவள் பேராச்சி. அதை விட்டுவிட்டுப் போவதா? அழுகை வந்தது, விழுங்கிக்கொண்டாள். பிறகு கும்பிட்டுக் கேட்டாள்.

"உத்தரவை மீறமாட்டேன் ராசா. தரையில ஒரு சொட்டு விழாது. ஆனா அந்த முதல் பாலை மண்ணுக்குப் போகாமக் காப்பாத்தினது ஐயாதானே? சத்துள்ள பாலுன்னும் அவரே சொன்னாரு. காப்பாத்தினவருக்கே அதைக் குடுத்தா என்ன?"

"பேஷ்!" என்றார் ராஜா. "வெள்ளிச் செம்பில், சபை நடுவே!"

வடமலையப்பர் மீசையை முறுக்கிக்கொண்டு நாலு பக்கமும் பார்த்தார்.

மறுநாள் பேராச்சி கிணற்றுத் தண்ணீரில் மடிகளைக் கழுவினாள். வெந்நீருக்குத்தானே தடை! முதல் பாலைத் தனியாகச் செம்பில் பிடித்தாள், மீதியைக் குடத்தில் கறந்தாள். செம்பு சபைக்கு வந்தது. மேலே மாட்டு முடி மிதந்தது. ஒரு பசுவுக்கு லேசாக மடி வீக்கம். அதன் முதல் பால் கட்டிகட்டியாகக் கிடந்தது. உள்ளே பார்த்த வடமலையப்பர் முகத்தைச் சுளித்துத் திருப்பிக்கொண்டார்.

"ம், குடியும்! கௌரவம் ஆறிவிடப்போகிறது" என்றார் ராஜா.

மூக்கைப் பிடிக்கவும் முடியாமல், கண்ணை மூடிக்கொண்டு குடித்துத் தொலைத்தார். மத்தியானம் குடத்துப் பாலைக் காய்ச்சினார்கள். திரியவில்லை! ராஜா துள்ளிக் குதித்தார்.

"வடமலையப்பரே, ரகசியம் புரிந்துவிட்டது! நீர் செம்பைக் குடித்தீர், குடம் பிழைத்தது. எல்லாம் உம்முடைய ராசி! இனி காலை ஒரு செம்பு, மாலை ஒரு செம்பு. உமக்குப் பிறகு உம் பிள்ளைகளும் பரம்பரை பரம்பரையாகக் குடிக்கட்டும்!"

மாலைச் செம்பு சபைக்குள் வருவதைப் பார்த்ததும் வடமலையப்பர் தடாலென்று காலில் விழுந்தார். "மகாராஜா! வேண்டாம்! தரையிலேயே ஊற்றச் சொல்லுங்கள்!"

"என்னய்யா இது? சத்தெல்லாம் திரண்ட பால் என்றீரே?"

"அழுக்கு திரண்ட பால், மகாராஜா! குடித்த எனக்குத் தெரியாதா? காம்பு நுனியில் தங்கிய கசடெல்லாம் அதிலேதான் வருகிறது. அது கலந்தால் குடமே கெட்டுப்போகும். என் ராசியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை!"

சபை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. ராஜா பேராச்சி பக்கம் திரும்பினார். "உனக்கு இது தெரியும்தானே? ஏன் முதலிலேயே சொல்லவில்லை?"

"சொல்ல வந்தேனே ராசா. நீங்களுந்தானே சிரிச்சீங்க? பால்காரி சொன்னா ஏறாது, பெரிய மனுஷர் வாயால வரட்டும்னு விட்டுட்டேன்."

ராஜாவுக்கு முகம் சிவந்துபோயிற்று. நல்லவேளை, கோபத்தில் அல்ல, வெட்கத்தில். உத்தரவு மூன்று அங்கேயே பிறந்தது. செவலை இனி பேராச்சியின் சொந்தப் பசு. கொட்டிலில் அவள் வைத்ததே சட்டம். வெந்நீர் சுமந்து மடி கழுவுகிற வேலை, ஒரு வருஷத்துக்கு வடமலையப்பருக்கு.

மறுநாள் விடியற்காலை, பட்டு வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, முகத்தை ஒரு முழத்துக்குத் தொங்கப்போட்டபடி வெந்நீர் அண்டாவோடு வந்து நின்றார் மனுஷன். செவலையின் மடிப் பக்கம் கையை நீட்டினார்.

"ஐயா, நில்லுங்க" என்றாள் பேராச்சி. "முதல்ல உங்க கையைக் கழுவுங்க."