ரெண்டு விரல்கடை

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. பின்னாடி நிக்கிறவங்களுக்கும் இடம் வேணும்ல, அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க. கதையே அந்த வார்த்தையைப் பத்தினதுதான்.

வெள்ளைக்காரன் போட்டுட்டுப் போன சாமான்ல நாம இன்னமும் தேய்ச்சுத் தேய்ச்சுப் புழங்குறது இந்த ஒரு வார்த்தையைத்தான். பஸ்ல இடம் கேட்கிறவனும் இதைத்தான் சொல்றான். சில்லறைக்குப் பதிலா மிட்டாயை நீட்டுற கடைக்காரனும் இதைத்தான் சொல்றான். கல்யாண வீட்டுப் பந்தியில சாம்பார் தீர்ந்துபோனாலும் இதுதான். பொண்ணைக் கட்டிக்கொடுத்து, கார் கதவைச் சாத்துறதுக்கு முந்தித் தாய்க்காரி காதோட சொல்றதும் இதேதான்.

ஆவுடையம்மாள் டீச்சரும் மகள் சண்பகத்தின் காதில் அப்படித்தான் சொல்லி அனுப்பினாள்.

அம்பாசமுத்திரம் போகிற ரோட்டில் ஒரு சின்ன மடம். அங்கே இருந்தவர் இசக்கி சாமி. பதினெட்டு வருஷம் பஸ்ஸில் கண்டக்டர். ஒரு நாள் தோள்பையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, விசிலை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டு வந்து, வருகிறவர்களுக்குக் கஞ்சி ஊற்ற ஆரம்பித்துவிட்டார். மடத்து வாசலில் சாமி சிலைகூடக் கிடையாது. காயலான் கடையில் வாங்கிய மூணு பேர் பஸ் சீட் ஒன்றுதான் கிடந்தது. யார் வந்தாலும் அதில்தான் உட்காரணும்.

இன்னொன்றும் சொல்லணும். இந்த இசக்கி மூணாம் வகுப்பில் ஆவுடை டீச்சரிடம் படித்தவர். ஏழாம் வாய்ப்பாடு வராமல் முட்டி போட்டவர். இப்போது அறுபத்திரண்டு வயதில் டீச்சர் அவரைச் சாமி என்கிறாள், வாரம் தவறாமல் வந்து கேட்கிறாள். ஊரில் கேலி பண்ணினார்கள். "அப்ப நான் நடத்துனேன், அவருக்கு ஏறலை. இப்ப அவர் நடத்துறாரு, எனக்கு ஏறுதான்னு பாக்கேன்" என்பாள்.

ஒரு நாள் டீச்சர் மகளோடும் ஒரு பெட்டியோடும் வந்தாள். மாமியார் வீட்டிலிருந்து வந்து பன்னிரண்டு நாள் ஆகிவிட்ட சண்பகத்தை நாலரை பஸ்ஸில் திருப்பி அனுப்பப் போகிறாள். பஸ்ஸை விட்டுவிடக் கூடாது என்று சண்பகம் ரோட்டோரத்திலேயே நின்றுகொண்டாள். டீச்சர் மட்டும் உள்ளே வந்து சீட்டின் ஓரத்தில் உட்கார்ந்தாள். நடுவில் சாமி. அந்தக் கடைசியில் கஞ்சி காய்ச்சுகிற சுடலை.

"சாமி, ஒரு பொட்டலம் திருநீறு வேணும். பிள்ளைக்குக் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிப் போற புத்தி வரட்டும்."

என்ன விஷயம் என்று சாமி கேட்டார். டீச்சர் சொன்னாள். கல்யாணமாகி மூணாம் மாசம் லேப் வேலையை விடச் சொன்னார்கள், சண்பகம் விட்டாள். பிறகு நாத்தனார் பிரசவத்துக்கு வந்தாள் என்று அறையை விடச் சொன்னார்கள், அதையும் விட்டாள். நாத்தனார் கைக்குழந்தையோடு கிளம்பிப் போய்ப் பத்து மாசமாச்சு. அந்த அறையில் இப்போது நெல் மூட்டை கிடக்கிறது. மாப்பிள்ளை ஹாலில் டிவி பார்த்தபடியே தூங்கிவிடுவார். சண்பகத்துக்கு அடுப்படியில், கேஸ் சிலிண்டர் பக்கத்தில் பாய். ஒவ்வொரு தடவையும் அவள் அம்மாவுக்குப் போன் பண்ணினாள். ஒவ்வொரு தடவையும் அம்மா அந்த ஒரு வார்த்தையைத்தான் சொன்னாள்.

சாமி கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "டீச்சர், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்றார்.

டீச்சர் நகர்ந்தாள். சாமி காலை அகட்டி உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் மறுபடி சொன்னார். டீச்சர் மறுபடி நகர்ந்தாள். அந்த இடத்தில் சாமி தன் துண்டை மடித்து வைத்தார். மூணாம் தடவை சொன்னபோது டீச்சருக்குப் பாதி உடம்பு காற்றில் இருந்தது. நாலாம் தடவைக்கு நகர சீட் இல்லை. அவள் இறங்கி, சேலையை ஒதுக்கித் தரையில் உட்கார்ந்து, சம்பந்தி அம்மாள் எவ்வளவு நல்ல மாதிரி என்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

சுடலைக்குச் சிரிப்பு முட்டியது. சாமியின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான்.

"ஏன் டீச்சர் கீழ உட்கார்ந்திருக்கீங்க?"

"நீங்கதானே சாமி நகரச் சொன்னீங்க."

"நான் நகர்ந்தேனா?"

டீச்சர் அண்ணாந்து சீட்டைப் பார்த்தாள். அவள் இருந்த இடத்தில் துண்டு சௌகரியமாக உட்கார்ந்திருந்தது.

"வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் பெரிய கண்டக்டர் ஒரு விஷயம் சொல்லிக்கொடுத்தார்" என்றார் சாமி. "மூணு பேர் சீட்டில நாலாவது ஆளை உட்கார வைக்கணும்னா, ஓரத்து ஆளை மட்டும் பார்த்து அட்ஜஸ்ட்னு சொல்லாதடே, அவன் விழுந்துருவான்னார். மூணு பேரையும் பார்த்துச் சொல்லணுமாம். ஆளுக்கு ரெண்டு விரல்கடை அகலம் நகர்ந்தாப் போதுமாம்."

துண்டை எடுத்துத் தோளில் போட்டார். ரெண்டு விரல்கடை நகர்ந்தார். சுடலையும் நகர்ந்தான்.

டீச்சர் எழுந்தாள். ஆனால் உட்காரவில்லை, ரோட்டைப் பார்த்தாள். பஸ் ஸ்டாப் பலகையின் ஒரு சாண் நிழலில் சண்பகம் ஒடுங்கி நின்றிருந்தாள். அந்த நிழலிலும் பாதியை ஒரு நாய்க்கு விட்டிருந்தாள்.

"ஏளா, இங்க வா."

சண்பகம் பெட்டியோடு வந்தாள். பஸ் வந்திரும் என்றாள்.

"உனக்குப் போகணுமா?" என்றாள் டீச்சர்.

சண்பகம் அம்மாவையே பார்த்தாள். "இதை நீ இப்பத்தாம்மா கேட்கிறே."

டீச்சர் பெட்டியை வாங்கி, தான் சற்று முன் உட்கார்ந்திருந்த தரையில் வைத்தாள். சீட்டில் உட்கார்ந்து உள்பக்கமாக ரெண்டு விரல்கடை நகர்ந்தாள். சாமி இன்னும் கொஞ்சம் நகர்ந்தார். சுடலை, இனிமேல் கஞ்சியைக் குறைக்கணும் போலிருக்கே என்று முனகியபடி சீட்டுக் கம்பியில் இடிக்கிற வரைக்கும் போனான். சண்பகம் நாலாவது ஆளாக உட்கார்ந்தாள். கொஞ்சம் நெருக்கமாகத்தான் இருந்தது. யாரும் விழவில்லை.

நாலரை பஸ் வந்து நின்றது. கண்டக்டர் படியில் தொங்கியபடி, யாராவது ஏறணுமா என்று மடத்தைப் பார்த்துச் சத்தம் கொடுத்தார்.

டீச்சர் மகளின் கையைப் பிடித்திருந்தாள். சண்பகம் எழுந்திருக்கவில்லை.

ஒரு விசில் அடித்தால் பஸ் நிற்கணும், ரெண்டு அடித்தால் போகணும். சாமி இடுப்பிலிருந்து விசிலை எடுத்தார். வேட்டியில் துடைத்தார். ரெண்டு தடவை ஊதினார்.