வெந்த சாற்றின் வேகம்

கரியமில வாயுவைப் பிடித்து மாவுச்சத்தாக்கும் நொதி, தன் புது நெல்லில் இரண்டு மடங்கு வேகமாக ஓடுகிறது என்று ஆய்வக இயக்குநர் திருஞானம் ஊரெல்லாம் தம்பட்டம் அடித்துவிட்டார். இலையை அரைத்து அந்த வேகத்தை அளக்கும் எஸ்தர், "மத்த நெல்லு மாதிரிதான் சார் வருது" என்றாள்.

"உனக்கு அளக்கத் தெரியலை. நாளைக்கு விருந்தாளிங்க முன்னாடி இரண்டு மடங்கு வரணும். இல்லேன்னா வேற வேலை தேடிக்க."

மறுநாள் எஸ்தர் இலைச்சாற்றைக் கருவியில் வைத்து, "நீங்களே பார்த்துச் சொல்லுங்க சார்" என்றாள். அவர் கருவிப் பக்கம் திரும்பாமலே, "இரண்டேகால் மடங்கு!" என்று முழங்கினார். ஒரே கைதட்டல்.

ஒரு விருந்தாளி மட்டும் எட்டிப் பார்த்தார். "பூஜ்யம்னுல்ல காட்டுது?"

"நொதி செத்தா பூஜ்யம் வருதான்னு பார்க்க, எப்பவும் முதல்ல கொதிக்க வெச்ச சாறுதான் வைப்போம்" என்றாள் எஸ்தர். "செத்த நொதியே சாருக்கு இந்த ஓட்டம் ஓடுதுன்னா, உயிரோட இருந்தா இந்நேரம் அறுப்பே முடிஞ்சிருக்கும்!"