விசில் வராத சட்டி

ஏலகிரி மலையில் ஒரு தியான இல்லம் இருந்தது. அங்கே குருவுக்கு வயது முப்பத்தொன்பது. புதிதாக வந்த சீடர் கோமளவல்லிக்கு அறுபத்துமூன்று. வயதைப் பார்த்தால் குருதான் சீடரின் காலில் விழ வேண்டும். இருந்தாலும் எல்லோரையும் போலக் கோமளவல்லியும் குருவை அம்மா என்றே கூப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை வந்தவள், பையைக் கீழே வைக்கும் முன்பே கேட்டாள்.

“பயம் எப்படிம்மா போகும்?”

“எதை நினைச்சுப் பயம்?”

“என் பையன் எழிலனை நினைச்சு. குடியை விட்டு ஐம்பத்திரண்டு நாள் ஆகுது. ஓசூர்ல தனியா ரூம் எடுத்து இருக்கான். தினம் ஆறு தடவை போன் பண்ணுவேன்.”

“பண்ணி?”

“இன்னிக்கு என்ன குழம்புன்னு கேப்பேன்.”

கோமளவல்லி தலை குனிந்துகொண்டாள்.

அவள் கேட்டது குழம்பை அல்ல. எழிலனின் அப்பா தமிழாசிரியர். அவர் வளர்த்த பிள்ளை, தெளிவாக இருக்கும்போது ழகரத்தை விட்டுக்கொடுக்கவே மாட்டான். உள்ளே நாலு மடக்கு போய்விட்டால் முதலில் வழுக்குவதும் அதே எழுத்துதான். போனில் ‘குளம்பு’ என்று கேட்டுவிட்டால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது.

“கண்டுபிடிச்சிட்டாம்மா. ‘நீ குழம்பைக் கேக்கல, என் நாக்கைக் கேக்குற’ன்னான். ‘ஞாயித்துக்கிழமை மத்தியானம் நானே கூப்பிடறேன், அதுவரைக்கும் போன் பண்ணாத’ன்னுட்டான். அவன் ரூமுக்குக் கீழயே பிராந்திக்கடை இருக்கு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.”

“நாளைக்குச் சமையலை நீங்க பாத்துக்குங்க” என்றார் குரு.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் குரு அவளிடம் ஒரு மின்சாரச் சட்டியைக் காட்டினார். யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. ஊறவைத்த கொண்டைக்கடலை, சின்ன வெங்காயம், குழம்புத்தூள், உப்பு, தண்ணீர் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு மூடி, ஸ்விட்சைத் தட்டிவிட்டால் போதும். அதுபாட்டுக்கு ஆறு மணி நேரம் மெதுவாக வேகும். ஆள் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை. இல்லத்தில் அதற்குச் சோம்பேறிச் சட்டி என்று பெயர்.

“ஒரு மணிக்கு வெந்துடும். புளியைக் கடைசியில ஊத்துங்க. அதுவரைக்கும் திறக்க வேண்டாம்.”

“எத்தனை விசில்மா?”

“இதுக்கு விசில் கிடையாது.”

கோமளவல்லி சட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். நாற்பது வருஷமாக விசிலை எண்ணிச் சமைத்தவள் அவள். குக்கர் கத்தும், மூன்றாவது கத்தலில் அடுப்பை அணைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். இந்தச் சட்டியோ வாயே திறக்கவில்லை. கொதிக்கிற சத்தம் இல்லை. கண்ணாடி மூடியும் கொஞ்ச நேரத்தில் ஆவி படிந்து வெளுத்துவிட்டது. உள்ளே வேகிறதா, கரண்ட் போய் ஆறிக் கிடக்கிறதா என்று யாரைக் கேட்பது?

திறந்தாள். ஆவி குப்பென்று வெளியே போனது. ஒரு கடலையை எடுத்து நசுக்கிப் பார்த்துவிட்டு மூடினாள். அரை மணி கழித்து மறுபடியும் திறந்தாள்.

ஒரு மணிக்கு ஐந்து பேர் சாப்பிட உட்கார்ந்தார்கள். கடலை பல்லுக்கடியில் நறுக்கென்றது. குரு மென்றுகொண்டே கேட்டார்.

“எத்தனை தடவை திறந்தீங்க?”

“ஒன்பது.”

“திறந்து பாத்ததுல என்ன தெரிஞ்சுது?”

“வேகலைன்னு தெரிஞ்சுது.”

“ஒன்பது தடவையுமா?”

“ஒன்பது தடவையும்.”

குரு ரசத்தை அவள் பக்கம் நகர்த்தினார்.

ஞாயிற்றுக்கிழமையும் அதே கடலை, அதே சட்டி. கோமளவல்லி எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். மேடையில் சட்டி ஒரு பக்கம், அவள் போன் ஒரு பக்கம். இரண்டும் பேசவில்லை. மணி பதினொன்று ஆனது. பதினொன்றரை ஆனது. பன்னிரண்டுக்குக் கடை திறப்பார்கள். ஷட்டர் மேலே போவதும், எழிலன் படியிறங்கி வருவதும், வரிசையில் நிற்பதும் அவளுக்கு நேரில் பார்ப்பதுபோல் தெரிந்தன. போனை எடுத்தாள், வைத்தாள். எடுத்தாள், வைத்தாள். கை தானாக மூடியின் பிடிக்குப் போனது.

எப்போது வந்தாரோ, குரு பின்னால் நின்றிருந்தார். ஒரு துண்டை நாலாக மடித்து மூடிமேல் போட்டு, அவள் உள்ளங்கையை அதன்மேல் வைத்தார்.

“சூடு தெரியுதா?”

“தெரியுது.”

“சரி.”

“வெந்துச்சான்னு தெரியலையேம்மா.”

“தெரியாது” என்றார் குரு. சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டார். எழுந்து போகவில்லை.

ஒரு மணிக்குத்தான் மூடியைத் திறந்தாள். கடலை விரல் பட்டதும் மசிந்தது. புளியை ஊற்றிக் கொதி வரவிட்டு, தட்டுகளை எடுத்து வைத்தாள். போன் இன்னும் அடிக்கவில்லை. முதல் தட்டில் குழம்பை ஊற்றும்போது அடித்தது. கரண்டி கை நழுவிச் சட்டிக்குள் விழுந்தது.

“அம்மா, சாப்டியா? என்ன குழம்பு?”

அவள் கேள்வியை அவன் கேட்டுவிட்டான். கோமளவல்லிக்குத் தொண்டை அடைத்தது.

“கொண்டக்கடல... குளம்பு.”

“ஏம்மா நாக்கு குழறுது? அழறியா?”

குழம்பு, குழறுது, அழறியா. மூன்று ழகரமும், அவள் உற்றுக் கேட்காமலே, முழுசாக வந்து காதில் விழுந்தன.

“இல்லப்பா, காரம்” என்றாள்.

பேசி முடித்துப் போனை வைத்தவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். முகம் பழையபடி சுருங்கிப் போனது.

“கடை ராத்திரி பத்து மணி வரைக்கும் திறந்திருக்கும்மா.”

குரு சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

“பயம் போகலையேம்மா” என்றாள் கோமளவல்லி.

“இருக்கட்டும். அதுக்கும் ஒரு தட்டு போடுங்க. சட்டிகிட்ட மட்டும் உக்கார விடாதீங்க.”