நார்மல் பாட்டில்

"சார், மிஷின் பொய் சொல்லுது," என்றாள் தபித்தா.

பேராசிரியர் அலாவுதீன் நிமிர்ந்து பார்த்தார்.

சிறுநீரகம் உடம்பிலுள்ள உப்புகளை எப்படிக் கட்டி மேய்க்கிறது என்பதுதான் அவர்களுடைய ஆராய்ச்சி. பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்டுப் படிக்க வந்தவள் தபித்தா. ஆசிரியரைவிட மூத்தவள். அவள் அவரை சார் என்பாள். அவர் அவளை அக்கா என்பார்.

"என்ன பொய்க்கா?"

"பொட்டாசியத்தையும் மெக்னீசியத்தையும் தேக்கி வைக்காம வெளிய விடுற நோயாளிங்க இருக்காங்கல்ல? அவங்க சிறுநீர்ல எவ்வளவு வருதோ, ஒப்பிட்டுப் பாக்க வச்சிருக்கிற நார்மல் பாட்டில்லயும் அவ்வளவே வருது. எத்தனை தடவை போட்டாலும் அதேதான். திங்கக்கிழமை கமிட்டி முன்னாடி நான் என்னத்தைக் காட்ட? இத்தனை வருஷப் படிப்பும் பாழாப் போகும் சார்."

"என்ன செய்யலாம்ங்கிறீங்க?"

"நார்மல் சரியா வர்ற அளவுக்கு எல்லாத்துலயும் கழிச்சிரலாம்."

"கழிச்சா நோயாளிங்களும் நார்மலாயிருவாங்களே. மருந்து மாத்திரை இல்லாமலே குணப்படுத்திட்டீங்க!"

தபித்தாவுக்கு அழுகை முட்டியது. கிண்டல் பண்ணுகிற நேரமா இது?

பையைத் திறந்து, உப்பு நாரத்தங்காய் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டாள். கவலை வந்தால் அவளுக்கு அது வேண்டும். வராவிட்டாலும் வேண்டும்.

அலாவுதீன் அதைப் பார்த்தார்.

ஒரு காலி பாட்டிலை எடுத்துக்கொண்டு கழிப்பறைக்குப் போனார். திரும்பி வந்து, கொண்டுவந்ததை மிஷினில் வைத்தார்.

அளவு வந்தது. பாடப்புத்தகத்தில் இருக்கிறபடியே வந்தது.

"அப்பாடா!" என்றாள் தபித்தா. "மிஷின் நல்லாத்தான் இருக்கு. அப்போ அந்த நார்மல் பாட்டில்லதான் என்னமோ கோளாறு."

"அந்த நார்மல் யாருக்கா?"

"நாந்தான் சார். உடம்புக்கு ஒண்ணும் இல்லாத ஆளா வேணும்னீங்க. நான் எங்க போய்த் தேட?"

நோயாளிகள் உட்காரும் ஸ்டூலை அவர் காலால் அவள் பக்கம் தள்ளினார்.

"உக்காருங்க."

உட்கார்ந்தாள்.

"கால் இழுத்துப் பிடிக்குமா?"

தபித்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எந்த நோயாளி வந்தாலும் அவள் கேட்கிற முதல் கேள்வி அது. அவள் குரலிலேயே வேறு கேட்கிறார்.

"வயசாகுதுல்ல சார். பிடிக்கத்தான் செய்யும்."

"கை மரத்துப் போகுமா?"

"எப்பவாச்சும்."

அடுத்த கேள்வியை அவர் கேட்கவில்லை. அவளுடைய பையைப் பார்த்தார்.

அடுத்த கேள்வி அவளுக்கு மனப்பாடம்: உப்பா எதையாவது தின்னுக்கிட்டே இருக்கத் தோணுமா?

நாரத்தங்காய் வாயில் அப்படியே நின்றது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"கையை நீட்டுங்கக்கா," என்றார் அலாவுதீன். ரத்தம் எடுக்க ஊசி தயாராக இருந்தது.

தபித்தா கையை நீட்டினாள்.

"சார், நார்மலுக்கு வேற ஆள் பாருங்க."