ராஜபார்ட்டுக்கு ஒரு கண்ணாடி மேசை

நாடக மேடையில் ஆயுசுக்கும் ராஜாவாக நின்ற வைத்தியலிங்கத்துக்கு வயதான காலத்தில் வீட்டுக்கு ஒரு டிரெஸ்ஸிங் டேபிள் வேண்டியிருந்தது. மதுரைக் கடைகளில் எதுவும் பிடிக்கவில்லை.

"எல்லாத்துலயும் எவனோ கிழவன் தெரியுறான். என் பழைய முகத்தைக் காட்டுற கண்ணாடியாக் கொண்டா. இல்லேன்னா இந்த வீட்டுப் பக்கமே வராதே!" என்று, போக வேறு வீடில்லாத தன் ஒப்பனைக்காரர் ஆவுடையப்பனை விரட்டினார்.

மறுநாள் ஆவுடையப்பன் ஒரு மேசையை வண்டியிலிருந்து இறக்கி, கண்ணாடியைத் துணியால் மூடினார். வைத்தியலிங்கத்தை எதிரே உட்காரவைத்து, அரிதாரம் பூசி, மீசை வரைந்து, கிரீடமும் வைத்துவிட்டுத் துணியை விலக்கினார்.

வைத்தியலிங்கத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. "இதுதாண்டா கண்ணாடி! எங்கே பிடிச்சே?"

"நேத்து நீங்க முதல் கடையில வேண்டாம்னு தள்ளுனதுதாண்ணே."

அவர் அசடு வழியச் சிரித்தார். உள்ளேயிருந்து வந்த மனைவி பார்த்துவிட்டு, "மகாராஜா, காபி குடிக்கிறீங்களா?" என்றாள்.

பொழுது சாயும்வரை அவர் அரிதாரத்தைக் கலைக்க விடவில்லை.