செம்மண் கயிறு

கிரேக்க தேசத்தில், கடலோரத்தில், ஹலாந்திரா என்று ஓர் ஊர் இருந்ததாம். அந்த ஊருக்கு ராஜா கிடையாது. எந்த விவகாரமானாலும் ஊர்க்காரர்கள் குன்றின் மேல் கூடுவார்கள், பேசுவார்கள், கையைத் தூக்குவார்கள். எந்தப் பக்கம் கை அதிகமோ அதுதான் முடிவு. பெண்களுக்கும் அடிமைகளுக்கும் வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கும் அங்கே கை கிடையாது.

கூட்டத்துக்கு வா என்றால் எந்த ஊரில்தான் எல்லாரும் எழுந்து வருவார்கள்? ஒருத்தனுக்கு மீன் பேரம் படிந்திருக்காது. இன்னொருத்தனுக்குத் தலைமுடி பாதிதான் வெட்டியிருக்கும். அதனால் அங்கே ஒரு வழக்கம். ஒரு நீளக் கயிற்றைச் செம்மண் குழம்பில் தோய்த்து, இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொள்வார்கள். சந்தையின் கீழ்க்கோடியிலிருந்து ஆட்டு மந்தையை ஓட்டுவதுபோல் ஜனங்களைக் குன்றுப் பக்கம் ஓட்டிக்கொண்டு வருவார்கள். பின்தங்கினவன் ஆடையில் சிவப்பு பட்டுவிட்டால் போச்சு, ஒரு மாதத்துக்கு அவனைப் பார்த்து ஊர் சிரிக்கும்.

அப்படி ஒரு நாள் கூட்டம் கலைந்த பிறகு, சாயக்காரி ரோதாவின் முற்றத்துக்கு நிகானோர் வந்தான். வெயில் இன்னும் இறங்கவில்லை. தலையில் துணியைப் போட்டு முதுகு வரை மூடியிருந்தான்.

நிகானோர் எண்ணெய் ஆட்டி விற்பவன். ஐம்பதைத் தொடும் வயது. ரோதா அவனைவிட இளையவள். கடலுக்கு அக்கரை லிதியா தேசத்திலிருந்து அடிமையாக வந்து, விடுதலை வாங்கி, சாயத் தொட்டி போட்டவள். ஆறு வருஷமாக அவள் காலடியில் உட்கார்ந்து நாலு நல்ல வார்த்தை கேட்டுப் போகிறான் அவன். "என்னப்பா, உன் அம்மா இன்றைக்கு உனக்கு என்ன சாயம் பூசினாள்?" என்று செக்குக்காரர்கள் கேலி செய்வார்கள். அவன் கண்டுகொள்வதில்லை.

"வா நிகானோர். தலைவலியா?"

"இல்லம்மா."

அவன் துணியை எடுத்தான். உச்சந்தலையில் ஒரு விரற்கடை அகலத்துக்குச் சிவப்பு. அங்கிருந்து பிடரி, முதுகு என்று வெள்ளை மேலாடையில் நீளமாக ஒரு கோடு.

ரோதா கோலைத் தொட்டியில் சாய்த்து வைத்துவிட்டு வந்து பார்த்தாள்.

"கயித்துக்கு முன்னாடி போறவங்களுக்கு முழங்காலுக்குப் பின்னாடி படும். மிஞ்சிப்போனா இடுப்புல படும். உனக்கு உச்சந்தலையில பட்டிருக்கே."

நிகானோர் கையால் உச்சந்தலையை மறைத்துக்கொண்டான்.

"குனிஞ்சியா?"

"குனிஞ்சேன்."

"கயித்துக்கு அடியில புகுந்து இந்தப் பக்கம் வந்துட்டே."

"ஆமாம்மா. முடி வெட்டுறவன் கடைக்குப் பின்னாடி உட்கார்ந்திருந்தேன். கூட்டம் முடியற வரைக்கும்."

"என்ன முடிவாச்சாம்?"

"திரசோனை ஊரைவிட்டு அனுப்புறாங்க. பத்து வருஷம். நாளை மறுநாள் படகு. நாலு கை வித்தியாசத்துலதான் போச்சு."

திரசோன் துறைமுக வாயிலின் குறுக்கே கட்டிய சங்கிலிக்குக் காவல் பார்ப்பவன். பட்டப்பகலில் எதிரிக் கப்பலுக்குச் சங்கிலியை இறக்கிவிட்டான் என்று பழி. பழி சொன்னவன் கப்பல்காரன் கிளித்தஸ். அந்தக் காவல் வேலை தன் மச்சினனுக்கு வேண்டுமென்று அவன் ரொம்ப நாளாய் அலைந்தது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பகல் முழுக்கத் திரசோன் எங்கே இருந்தான் என்று தெரிந்தவன் ஊரில் ஒருவன்தான்.

"அன்னிக்கு அவன் எங்கே இருந்தான்?" என்று கேட்டாள் ரோதா.

"என் செக்குலதான். கல்லு அச்சை விட்டு இறங்கிடுச்சு. தூக்கிக் கொடுக்க வந்தான். மத்தியானம் என் வீட்டுலதான் சாப்பிட்டான்."

"சாட்சி சொல்லுறதா அவன்கிட்ட சொல்லியிருந்தியா?"

"சத்தியம் பண்ணிக் கொடுத்தேன்."

"அப்புறம்?"

"காலையில கிளித்தஸ் ஆள் வந்தான். திட்டலை, மிரட்டலை. 'இந்த வருஷமும் உங்க எண்ணெய் எங்க கப்பல்லதானே போகுது'ன்னு கேட்டான். சிரிச்சுக்கிட்டே கேட்டான்."

"நீ?"

"நானும் சிரிச்சேன்."

"இப்ப என்ன வேணும்?" என்றாள்.

"இந்தக் கறை போகணும். நாளைக்கு என் முறை."

முறை என்றால், அந்த ஊரில் ஆட்சி மன்றத்துக்காரர்கள் பேரையெல்லாம் குடத்தில் போட்டுக் குலுக்கி, தினம் ஒருவரை எடுப்பார்கள். எடுத்தவர் அன்று ஒரு நாளைக்கு ஊருக்கே தலைவர். கோவில் சாவியும் ஊர் முத்திரையும் அவர் கையில் இருக்கும். ஆயுளில் ஒரே ஒரு தரம்தான் அந்த மேடை. நிகானோரும் மன்றத்தில் ஒருவன்; மறுநாளும் கூட்டம் இருந்தது, அதற்கு அவன் பேர் வந்திருந்தது.

"கழட்டு" என்றாள் ரோதா.

அவன் மேலாடையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு உள்ளாடையோடு நின்றான். அவள் முதலில் காய்ந்த மண்ணைத் தட்டினாள். அப்புறம் நல்ல தண்ணீர்த் தொட்டியில் இரண்டு முக்கு, ஒரு கசக்கு. உதறிக் கொடியில் போட்டாள். சாம்பல் கூடத் தேவைப்படவில்லை. துணி வெள்ளை வெளேரென்று காற்றில் ஆடிற்று.

"அவ்வளவுதானா?" என்றான் நிகானோர்.

"செம்மண்தானே. உன் வீட்டு மாட்டுத் தொட்டியிலேயே போயிருக்கும்."

"தெரியும்மா."

"தெரிஞ்சும் ஏன் ஊரைச் சுத்திக்கிட்டு இங்கே வந்தே?"

அவன் தலையைத் தொங்கப் போட்டான். தொங்கப் போட்டவன் கண்ணில் அவள் கால்கள் பட்டன. கணுக்கால் வரை நீலம். இத்தனை வருஷத்து நீலம், தோலோடு ஊறிப்போனது. அந்தக் கால்களை இன்று காலையிலும் ஒரு தரம் பார்த்திருக்கிறான். கயிற்றுக்கு அடியில் நுழைந்தபோது, குனிந்த கண்ணுக்கு நேராக, இதே இரண்டு கால்கள்.

"அம்மா. கயிறு..."

"பிடிக்கிற ஆளுக்குக் காய்ச்சல். சாயம் நான்தானே கொடுக்கிறேன், நீயே ஒரு முனையைப் பிடின்னுட்டாங்க."

"என்னைப் பார்த்தீங்க."

"பார்த்தேன். கொஞ்சம் தூக்கிக்கூடப் பிடிச்சேன். நீ புகுந்த வேகத்துக்குக் கழுத்துல மாட்டியிருக்கும்."

"அழுத்திப் பிடிச்சிருக்கலாமே அம்மா. குன்றுக்குத் தள்ளியிருக்கலாமே."

"தள்ளியிருக்கலாம். மேலே போய் என்ன செஞ்சிருப்பே?"

பொய் சொல்ல அது இடமில்லை.

"கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருப்பேன்" என்றான்.

ரோதா தலையை ஆட்டினாள். முற்றத்து ஓரத்தில் கயிறு குவியலாகக் கிடந்தது. போய் உட்கார்ந்து அதைச் சுருட்ட ஆரம்பித்தாள். சுருட்டிக்கொண்டே சொன்னாள்.

"குன்றுக்குக் கீழே வரைக்கும்தான் எங்களை விடுவாங்க. அங்கே நின்னுக்கிட்டிருந்தேன். திரசோன் பேசுறது கேட்டுச்சு. நடுவுல நடுவுல நிறுத்தினான். யாரையோ தேடுற மாதிரி."

நிகானோர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

"ஒண்ணு கேக்கறேன். எனக்கு உங்க ஊர்ச் சட்டம் தெரியாது" என்றாள் அவள். "முடிஞ்சுபோன விஷயத்தைத் தலைவர் நினைச்சா மறுபடி கேக்கலாமாமே. இன்னொரு தரம் கை தூக்குங்கன்னு. நிஜமா?"

"நிஜம்தான்." விரல்களுக்குள்ளிருந்து குரல் வந்தது. "ஆனா ஏன் மறுபடின்னு தலைவர் காரணம் சொல்லணும். எல்லார் முன்னாலேயும்."

"ஓகோ."

அவள் கயிற்றைச் சுருட்டி முடித்து ஆணியில் மாட்டினாள். கொடியில் துணி காய்ந்துவிட்டது. எடுத்து வந்து அவன் தோளில் போட்டாள். மடிப்பைச் சரி செய்தாள். பிறகு ஒரு செம்பில் தண்ணீர் மொண்டு வந்தாள்.

"குனி. தலையையும் அலசிடலாம். அப்புறம் ஒருத்தருக்கும் தெரியாது. மேடைக்குப் பக்கத்துல நின்னு பார்த்தாலும் தெரியாது. படகுல போறவன் திரும்பிப் பார்த்தாலும் தெரியாது."

நிகானோர் குனிந்தான். காலையில் குனிந்த மாதிரியே. அதே நீலக் கால்கள் கண்ணுக்கு முன்னால் நின்றன.

செம்பு சாய்வதற்குள் அவன் கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"தலை இருக்கட்டும்மா" என்றான்.

ரோதா செம்பைக் கீழே வைத்தாள். அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு திரும்பிப் போய்க் கோலை எடுத்துத் தொட்டியைத் துழாவத் தொடங்கினாள். அவன் வாசலைத் தாண்டும்போதுதான் குரல் கொடுத்தாள்.

"நாளைக்குத் தலைவர்னு தலையில இலைமாலை வைப்பாங்க. கொஞ்சம் பின்னாடி தள்ளி வச்சுக்கோ, சிவப்பு மறையக் கூடாது."